கடைசிச் சொல்லில் ‘இல்லை’: மொபைல் திரையில் தமிழ் ஏன் தடுக்கிறது?

மழை வலுக்கும் ஒரு நவம்பர் இரவு. மணி பத்தரை. மொபைலில் ஒரு நோட்டிஃபிகேஷன் வருகிறது: ‘சென்னையில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல்…’ அதோடு வரி தீர்ந்துவிடுகிறது. மீதியை மூன்று புள்ளிகள் விழுங்கிவிட்டன. திறந்து பார்த்தால்தான் ‘உண்மையல்ல’ என்ற சொல் கண்ணில் படும். திறக்காதவர் என்ன செய்வார்? ‘நாளைக்கு லீவாம்’ என்று குடும்பக் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

இப்படி ஒரு செய்தியை எழுதுகிறவர் மீது வழக்கமான குற்றம் எதையும் சுமத்த முடியாது. தகவல் சரி, இலக்கணம் சரி, ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆனாலும் செய்தி தலைகீழாகப் போய்ச் சேர்கிறது. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல்லைத் தலைப்பின் முதல் சொல்லாகவே வைத்துவிடலாம். தமிழில் வினை கடைசியில் வரும். ‘இல்லை’, ‘அல்ல’, ‘கூடாது’, ‘வேண்டாம்’ எல்லாம் அந்த வினையோடு ஒட்டிக்கொண்டு கடைசிப் பெட்டியில்தான் பயணம் செய்யும். அச்சுத் தாளில் இது ஒரு பிரச்சினையே இல்லை. வாக்கியம் முழுவதும் கண் முன்னால் இருக்கும். மொபைல் வாக்கியத்தை வெட்டித்தான் காட்டும். நோட்டிஃபிகேஷன், தேடல் முடிவு, வாட்ஸ்அப் முன்னோட்டம் எல்லாவற்றிலும் வெட்டு விழுவது வால் பக்கத்தில். தமிழுக்கோ உயிர் இருப்பது வாலில்.

“தமிழ்ல யாரு சார் இப்போ முழுசா படிக்கிறாங்க?” இணையத்துக்கு எழுதுகிற எந்த அலுவலகத்திலும் கேட்கிற கேள்வி இது. பழி வாசகர் மேல் விழுகிறது. பொறுமை இல்லை, ரீல்ஸ் பார்த்துக் கெட்டுப்போனார்கள், ஆங்கில மோகம் என்று காரணங்களுக்குக் குறைவில்லை. பக்கத்தைச் செய்தவர்கள் தங்கள் வேலையை ஒரு முறை திரும்பிப் பார்ப்பது மட்டும் அபூர்வம். தமிழ் இணையப் பக்கங்களில் பெரும்பாலானவை ஆங்கிலப் பக்கத்துக்காகச் செய்த அச்சில் தமிழை ஊற்றியவை. வாக்கியம், சொல், எழுத்து மூன்றுமே அந்த அச்சுக்குள் பொருந்தாமல் பிதுங்குகின்றன. இரண்டு மொழியும் தெரிந்த ஐ.டி. ஊழியர், ‘இங்கிலீஷ்லயே பாத்துக்கலாம்’ என்று மாறிவிடுவார். தமிழ் மட்டுமே தெரிந்த அவரது அம்மாவுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் வராத நாளும், பட்டா மனுவின் நிலையும், பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதியும் அவருக்குத் தமிழில்தான் கிடைத்தாக வேண்டும்.

வாலில் இருக்கும் தலை

ஒரு மாதிரி அறிவிப்பு. கற்பனைதான், ஆனால் எந்த ஊரிலும் பார்க்கக்கூடியது:

‘குடிநீர்க் குழாய்ச் சீரமைப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவுள்ள காரணத்தினால் மேற்கண்ட பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் தங்களுக்குத் தேவையான குடிநீரினை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டு ஒத்துழைப்பு நல்குமாறு இதன் மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

இதைப் படிப்பவர் முற்றுப்புள்ளி வரும்வரை எல்லாச் சுமையையும் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். காரணம் முதலில் வந்துவிட்டது, செய்ய வேண்டியது பின்னால் வருகிறது. ‘மேற்கண்ட பகுதிகள்’ என்றால் மறுபடி மேலே ஸ்க்ரோல் செய்து பார்க்க வேண்டும். கேட்டுக்கொள்வது யார் என்று தெரியாது. எப்போது என்ற கேள்விக்கு வாக்கியத்தில் பதிலே இல்லை. அது வேறெங்காவது ஓர் அட்டவணையில் இருக்கும்.

இதையே இப்படி எழுதலாம்: ‘நாளை வியாழன் காலை 6 மணி முதல் வெள்ளி காலை 6 மணி வரை தண்ணீர் வராது. இன்றே பிடித்து வையுங்கள். குழாய் பழுது பார்க்கிறோம்.’ பிறகு தெருக்களின் பெயர்கள். முதல் வாக்கியத்தில் ‘வராது’ கடைசியில்தான் வருகிறது, இலக்கணம் மாறவில்லை. ஆனால் அந்தக் கடைசி அருகிலேயே வந்துவிடுகிறது. தமிழின் வினையை முன்னால் இழுத்து வைக்க முடியாது. வாக்கியத்தைக் குறுக்கினால் வினை தானாகவே நெருங்கி வரும்.

பள்ளி விடுமுறைச் செய்திக்கும் இதே மருந்துதான். ‘நாளை பள்ளிகள் இயங்கும், விடுமுறை என்பது வதந்தி’. எங்கே வெட்டினாலும் முதல் மூன்று சொற்கள் பிழைத்துக்கொள்ளும். மறுப்பைக் கடைசியில் வைப்பதற்குப் பதில், உண்மையை நேர்வாக்கியமாக முதலில் சொல்லிவிடுவது. வதந்தியைத் தலைப்பில் முதலில் எழுதினால் வதந்திதான் பரவும்.

எஸ்எம்எஸ்ஸில் இந்த நெருக்கடி இன்னும் கடுமை. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70. அந்த 70-லும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். ‘தமிழ்’ என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் அது ஐந்து. இந்த இடத்தில் ‘இதன் மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ என்று எழுதுவது, ஊறுகாய்க் கிண்ணத்தில் சோற்றை வைப்பதுபோல.

ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இணைய எழுத்து பற்றிய எல்லா வகுப்பிலும் அடிபடும். அவர் சோதித்தவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தைச் சொல் சொல்லாகப் படிக்காமல் மேய்ந்தார்கள். 2006-இல் அவரது குழுவினர் 232 பேரின் கண் அசைவைப் பதிவு செய்தபோது, பார்வை மேல் வரிகளில் இடமிருந்து வலமாகப் போய், பிறகு இடது ஓரமாகவே கீழே இறங்குவதைக் கண்டார்கள். ஆங்கிலத்தின் எஃப் எழுத்து வடிவம். அந்த ஆய்வுகள் நடந்தது கணினித் திரையில். இருந்தாலும் தமிழ்ச் செய்திப் பக்கம் ஒன்றை எடுத்து இடது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பார்க்கலாம்: இந்நிலையில், இதனிடையே, இதுகுறித்து, மேலும், இதையடுத்து, முன்னதாக. கண் இறங்கும் பாதை முழுக்க ஒட்டுப் பசை. ‘இந்நிலையில்’ என்ற சொல்லைத் தமிழ்ச் செய்தியிலிருந்து ஒரு வாரம் தடை செய்தால் யாருக்கும் எதுவும் குறையாது.

பிரிட்டன் அரசின் கவ் டாட் யூகே தளத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டல் உண்டு: வாக்கியம் 25 சொல்லைத் தாண்டினால் உடைக்கப் பாருங்கள். அந்த எண்ணை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து பயிற்சி கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பொருந்தாது. ‘வரவேண்டியிருந்திருக்கும்’ என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் நான்கைந்து சொல் தேவைப்படும். தமிழில் 25 சொல் என்பது ஒரு முழுப் பத்தி. மொபைலுக்குப் பன்னிரண்டு, பதினைந்தே தாராளம்.

நாவலர் பார்த்த வேலை

‘படிக்கிறவருக்காக எழுத்தை இளக்கினால் தமிழ் கெட்டுவிடும்’ என்று ஒரு தரப்பு எப்போதும் சொல்லும். வரலாறு வேறு மாதிரி. ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, பத்தி கிடையாது, மெய்யெழுத்தில் புள்ளிகூட பெரும்பாலும் இருக்காது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். அச்சு வந்த பிறகு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சந்தி பிரித்துப் பதிப்பித்தார், தமிழ் உரைநடையில் நிறுத்தற்குறிகளைப் பரவலாக்கினார். உ.வே.சாமிநாதையர் 1887-இல் வெளியிட்ட சீவக சிந்தாமணி முதலாக, முன்னுரையும் குறிப்புகளும் அகராதியுமாகப் பதிப்புகள் வந்தன. 1978-இல் தமிழக அரசு, பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ணை, லை, னை, ணா, றா போன்ற எழுத்துகளின் வடிவத்தை ஒழுங்கு செய்தது. தினத்தந்தி 1942-இல் மதுரையில் தொடங்கியபோது, டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கிற மாதிரி குறுகிய வாக்கியத்தில் செய்தி சொன்னது. பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள், ஜனங்கள் படித்தார்கள்.

ஓலையிலிருந்து தாளுக்கு வந்தபோது ஏற்பட்டதைவிடச் சின்ன மாற்றம் ஒன்றுமில்லை, தாளிலிருந்து ஐந்தங்குலக் கண்ணாடிக்கு வந்தது. ஆனால் இந்த முறை சந்தி பிரிக்கவும் இடைவெளி விடவும் பெரிதாக யாரும் மெனக்கெடவில்லை. ‘விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கெல்லாம்’ என்று ஒரே மூச்சில் எழுதினால் மொபைலில் ஒரு வரி முழுக்க அந்த ஒரு சொல்தான். ‘விண்ணப்பிப்பவர்கள் எல்லோருக்கும்’ என்றால் இரண்டாக மடியும், பொருளும் குறையாது.

வரி, இடைவெளி, சுழி

பார்வைக்கு அழகு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நிறமும் படமும்தான். மொபைலில் தமிழின் அழகு பெரும்பாலும் வெற்றிடத்தில் இருக்கிறது.

தமிழ் எழுத்து மேலும் கீழும் கை நீட்டும். ‘கி’, ‘மீ’ மேலே வளையும். ‘கு’, ‘ழு’, ‘ஞ’, ‘இ’ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த வரி இடைவெளியில் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘மீ’யும் முட்டிக்கொள்ளும். உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டி, வசதியாகப் படிக்க வரி இடைவெளி எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும் என்கிறது. தமிழுக்கு அதற்கும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நல்லது, 1.6, 1.7 என்று வைத்துப் பார்த்தால் பக்கம் மூச்சு விடுவது தெரியும். எழுத்தளவிலும் ஆங்கிலத்துக்கு 16 என்றால் தமிழுக்கு 17 அல்லது 18. சுழிகள் நிறைந்த எழுத்து. கொஞ்சம் இடம் கேட்கும்.

அடுத்தது இருபக்கமும் சமன் செய்து நிறுத்துவது. நாளிதழ்ப் பத்தி இரண்டு ஓரமும் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கும். அச்சில் அது முடியும், ஏனென்றால் தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை எந்த எழுத்திலும் ஒடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் வழக்கம் உண்டு. பிரௌசர் தானாக அப்படி ஒடிக்காது. சொல் நீளம், வரி குறுகல். விளைவு, ஒரு வரியில் இரண்டே சொல், நடுவில் பெரிய பள்ளம். பக்கம் முழுக்க வெள்ளை ஆறு ஓடும். அதே அணுகல் வழிகாட்டியின் உயர்நிலை விதி, பத்தியை இருபக்கமும் சமன் செய்யாதீர்கள் என்றே சொல்கிறது. மொபைலில் வலது ஓரம் கோணல்மாணலாக இருப்பதுதான் அழகு. இது ஒரு நிமிட வேலை. ஆனாலும் தமிழ்த் தளங்களில் மாறாமல் கிடக்கும் முதல் குறை இதுவே.

தடித்த எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையான தடித்த வடிவம் இல்லாத ஃபான்ட்டை, மென்பொருள் தானே தடிக்க வைக்கும்போது சுழிகள் அடைபடும். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் உள்ள ஒரு சுழி வித்தியாசம் காணாமல் போகும். பணியா பனியா, மணமா மனமா என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். சாய்வெழுத்துக்குத் தமிழ் அச்சில் மரபே கிடையாது. ஆங்கிலத்தைப் பார்த்துச் சாய்த்தால் விழப்போகிற சுவர் மாதிரி இருக்கும். ஒரு பத்தியில் ஒரு தொடரை மட்டும் தடிக்க வைத்தால் கண் அங்கே போகும். பத்துத் தொடரைத் தடிக்க வைத்தால் எதுவுமே தடித்ததாக இருக்காது.

நிறத்தில் நம்மூருக்குச் சுவரொட்டியின் செல்வாக்கு அதிகம். சிவப்பின் மேல் மஞ்சள், அதற்கு வெள்ளைக் கரை, அதற்கும் வெளியே ஒரு நிழல். சுவரொட்டி இருபதடி தூரத்தில் பஸ்ஸில் போகிறவரின் கண்ணைப் பிடித்து இழுப்பதற்காகச் செய்தது. மொபைல் முகத்துக்கு ஓரடி தூரத்தில் இருக்கிறது. அங்கே யாரும் கத்தத் தேவையில்லை. இதற்கு நேர் எதிர்க்கோடியில், வெளிநாட்டு வடிவமைப்பைப் பார்த்து வெள்ளையின் மேல் வெளிர்சாம்பல் எழுத்து வைக்கிறவர்கள். ஏசி அறையில், விலை கூடிய திரையில் பார்க்க நாகரிகமாக இருக்கும். வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்க்கிறவருக்கு வெற்றுத் தாள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது அணுகல் விதி. அதை அளந்து சொல்லும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

படமாகிப்போன எழுத்து

இத்தனைக்கும் மேலான பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. எழுத்தைப் படமாக்கி அனுப்புவது.

புயல் எச்சரிக்கை, மின்தடை, தேர்வுத் தேதி, மருத்துவ முகாம் என்று தமிழில் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டிய தகவலில் பெரும்பகுதி இன்று படமாகவோ, ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகவோதான் வருகிறது. காரணம் புரியக்கூடியதே. படம் எந்த மொபைலிலும் ஒரே மாதிரி தெரியும், வாட்ஸ்அப்பில் சுலபமாகப் போகும், பார்க்க ‘டிசைனா’ இருக்கும். எழுத்துரு பொருந்தாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தின் பயமும் இன்னும் போகவில்லை. பழைய பாமினி எழுத்துருவில் செய்த ஒரு பிடிஎஃப்பிலிருந்து ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இன்றைக்கு ஆண்ட்ராய்டோ ஐபோனோ, தமிழைக் காட்டத் தெரியாத மொபைல் கடையில் கிடைக்காது. பயம் மட்டும் பாக்கி.

படத்துக்குள் போன எழுத்து என்ன ஆகிறது? கூட்டிப் பெரிதாக்க முடியாது. இரண்டு விரலால் விரித்து, இடமும் வலமுமாக நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டும். வாட்ஸ்அப் கைமாறிக் கைமாறி அழுத்தியதில் ‘ண’, ‘ன’ இரண்டும் ஒரே புள்ளியாகிவிடும். தேடினால் கிடைக்காது. அதில் உள்ள தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. தேதி போடாத புயல் படம் அடுத்த வருடப் புயலுக்கும் அதே முகத்தோடு திரும்ப வரும், அதைப் பார்த்து ஊரே பதறும். தமிழைக் கையாளத் தெரியாத மென்பொருளில் செய்த படமாக இருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் அவலம் வேறு.

பார்வையற்றவருக்கு அந்தப் படம் ஒரு மூடிய கதவு. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் வசதி இருக்கிறது. தமிழ்க் குரலும் இருக்கிறது. எழுத்தாக இருந்தால் அது தடையில்லாமல் வாசிக்கும். படமாக இருந்தால் பல நேரம் ‘படம்’ என்ற அளவில் நின்றுவிடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல்கள் அவர்கள் அணுகும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போய், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு வங்கி உள்ளிட்ட இடங்களில் கேட்கும் டிஜிட்டல் கேஒய்சி பற்றியது. அழகான சுவரொட்டிப் படம் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

படமே போடக்கூடாது என்பதில்லை. வெள்ளம் எந்தத் தெரு வரை வரும் என்பதை வரைபடம் சொல்வதுபோல எந்தப் பத்தியாலும் சொல்ல முடியாது. படத்தோடு அதே செய்தியை நாலு வரி எழுத்தாகவும் கீழே போட்டால் முடிந்தது வேலை. தயாரிக்கிறவருக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும்.

எந்தச் சொல்லில் தேடுவார்கள்?

நிலம் வாங்கப் போகிறவர் ‘ஈசி எடுக்கணும்’ என்பார். அரசுப் பக்கம் ‘வில்லங்கச் சான்று’ என்னும். ‘பட்டா பேர் மாத்துறது எப்படி’ என்று அவர் தேடுவார்; பக்கத்தில் இருப்பது ‘பட்டா மாறுதல்’. இரண்டும் தமிழ்தான், இரண்டும் சரிதான். தலைப்பிலோ முதல் வரியிலோ இரண்டையும் ஒரு முறை சேர்த்து எழுதிவிட்டால் தேடுகிறவரும் வந்து சேர்வார், அலுவலகத்தில் கேட்க வேண்டிய சரியான பெயரும் அவருக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வலைகளும் உண்டு: ‘கௌரி’ என்பதைச் சிலர் ‘ள’ எழுத்தைப் போட்டு ‘கெளரி’ என்று தட்டுகிறார்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும். கணினிக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள்.

சொல் தேர்வில் நடக்கும் தனித்தமிழ்ச் சண்டையைவிட முக்கியமானது, எடுத்த சொல்லை மாற்றாமல் இருப்பது. ஒரே பக்கத்தில் கடவுச்சொல், பாஸ்வேர்டு, ரகசியக் குறியீடு என்று மூன்றும் வந்தால் படிப்பவர் மூன்று வெவ்வேறு விஷயம் என்றே நினைப்பார். பள்ளிக்கூடக் கட்டுரையில் ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்று ஆசிரியர் அடித்துத் திருத்திய பழக்கம் இங்கே எதிரி. அதேபோல, ‘சமர்ப்பி பொத்தானை அழுத்தவும்’ என்று பக்கம் சொல்லி, செயலியின் திரையில் பொத்தானில் ‘சப்மிட்’ என்று இருந்தால், படிப்பவர் இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார். திரையில் என்ன இருக்கிறதோ அதையே எழுத வேண்டும். பிடிக்காவிட்டால் திரையைத்தான் மாற்ற வேண்டும்.

பேச்சுத்தமிழில் எழுதலாமா என்று கேட்கிறவர்களுக்கு: காதில் பேச்சு இருக்கட்டும், கையில் எழுத்து இருக்கட்டும். முழுக்கப் பேச்சு வழக்கில் எழுதினால் கோயம்புத்தூர்க்காரருக்கு ஒன்று, திருநெல்வேலிக்காரருக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்காரருக்கு வேறொன்று என்று ஆகிவிடும். ‘செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது’ என்பதற்கும் ‘செஞ்சிடுங்க மச்சி’ என்பதற்கும் நடுவில் ‘செய்யுங்கள்’ என்று ஒரு நல்ல சொல் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

நீளம் குற்றமில்லை

இவ்வளவும் சொன்னால், ‘அப்ப எல்லாத்தையும் நூறு வார்த்தையில முடிச்சுடலாமா?’ என்று கேட்பார்கள். தேவையில்லை. பிரதிலிபி போன்ற செயலிகளில் தமிழ்த் தொடர்கதைகளை அத்தியாயம் அத்தியாயமாக மொபைலிலேயே படித்துத் தீர்க்கிறார்கள். பஸ்ஸில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், குழந்தையைத் தூங்க வைத்த பிறகு என்று நேரம் ஒதுக்கிப் படிக்கிறவர்கள் அவர்கள். நீளத்தைப் பார்த்து யாரும் ஓடுவதில்லை. எங்கே போகிறது என்று தெரியாத நீளத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள்.

அந்த அவநம்பிக்கையை வளர்த்ததில் செய்தித் தளங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நாளிதழ்களின் இணையப் பக்கங்களும் இதில் சேர்த்தி. ‘தங்கம் விலை: இன்று நடந்தது என்ன தெரியுமா?’ என்று தலைப்பு வைத்து, விலையை ஏழாவது பத்தியில் ஒளித்து, நடுவில் தானாக ஓடும் வீடியோ ஒன்றும், மூட முடியாத விளம்பரம் இரண்டும் வைத்தால், வாசகர் அடுத்த முறை முழுசாகப் படிக்காததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை இயல்பாகவே தாமதிக்கிறது என்றால், இந்தத் தலைப்புகள் அந்தத் தாமதத்தையே வியாபாரமாக்குகின்றன. கிளிக் எண்ணிக்கை இன்றைக்கு ஏறும். அந்தத் தளத்தின் பெயரைப் பார்த்ததும் விரல் தாண்டிப் போவது நாளைக்கு நடக்கும், அது எந்த அறிக்கையிலும் வராது.

எழுதுகிறவர் எழுதி அனுப்புவார், வடிவமைப்பாளர் வேறு அறையில் கட்டம் போடுவார், விளம்பரப் பிரிவு இடம் பிடிக்கும். முழுப் பக்கத்தையும் ஒரு சாதாரண மொபைலில் கடைசியில் பார்ப்பவர் என்று யாருக்கும் பொறுப்பில்லை. பெரும்பாலும் அலுவலகத்தில் பெரிய கணினித் திரையில் பார்த்து ‘ஓகே’ சொல்லிவிடுகிறார்கள். அதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. நான்கைந்து வருடப் பழைய மொபைல் ஒன்று வேண்டும். செட்டிங்ஸில் எழுத்தளவைக் கடைசி அளவுவரை கூட்ட வேண்டும். வீட்டில் பெரியவர்கள் வைத்திருப்பது அப்படித்தான். வெளிச்சமான மொட்டை மாடியில் நின்று, தயாரித்த பக்கத்தைத் திறந்து, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் கையில் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: “இதுக்குக் கடைசித் தேதி என்னைக்குன்னு போட்டிருக்கு?” அவர் பதில் சொல்லும்வரை பேசாமல் நின்று, விரல் எத்தனை முறை மேலும் கீழும் போகிறது என்று எண்ணிக்கொண்டால் போதும்.